கேசட், இசைத்தட்டு, இணைய வானொலி, நேரடிக் குரல்: ஒரே மடிக்கணினியில் பதிவு செய்வது எப்படி?

வில்லிசைப்பேரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என் தாத்தா வில்லுப்பாட்டுக் குழு வைத்திருந்தவர். திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டக் கொடை விழாக்களில் அவர் பாடியதெல்லாம் ஒரு பெட்டி நிறையக் கேசட்டுகளாக வீட்டில் இருக்கிறது. பெரும்பாலும் 1980களில் பதிவானவை. கடையில் வாங்கியது ஒன்றுகூட இல்லை. யாரோ மேடைக்கு முன்னால் டேப்ரெக்கார்டரை வைத்துப் பிடித்தது, இல்லையென்றால் மைக் செட்காரரிடம் கேட்டு ஆம்ப்ளிஃபயரிலிருந்து வயர் இழுத்துப் பிடித்தது. வேறு பிரதி எங்கும் கிடையாது.

இவை தவிர சில பழைய இசைத்தட்டுகள், உறவினர்கள் வாட்சப்பில் அனுப்பிய குரல் பதிவுகள், இணைய வானொலியில் எப்போதாவது வரும் கிராமிய நிகழ்ச்சிகள் ஆகியவையும் பாக்கி. தாத்தாவுக்குப் பின்பாட்டுப் பாடிய அத்தை இன்றும் நன்றாகப் பாடுகிறார். அவரையும் உட்கார வைத்துப் பதிவு செய்ய வேண்டும்.

என்னிடம் இருப்பது விண்டோஸ் 11 மடிக்கணினி. ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருள் போட்டிருக்கிறேன். கணினியில் ஒரே ஒரு ஹெட்போன் துளைதான் உண்டு. டேப் டெக்கின் பின்னால் உள்ள லைன் அவுட் துளைகளிலிருந்து வயர் எடுத்து அதில் சொருகினேன். அலைவடிவம் வருகிறது. ஆனால் பாட்டு எங்கோ தள்ளிக் கேட்கிறது, பக்கத்து வீட்டு நாய் குரைப்பதும் சேர்ந்து பதிவாகிறது. இணைய வானொலிக்கு "ஸ்டீரியோ மிக்ஸ்" தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள், அப்படி ஒன்று என் கணினியில் இல்லவே இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

வால்வுரேடியோ எழுதியது:

தம்பி, நாய் குரைப்பது விழுகிறது என்றால் உங்கள் வயர் வழியாக ஒன்றுமே உள்ளே போகவில்லை என்று அர்த்தம். மடிக்கணினியின் திரைக்கு மேலே இருக்கும் சின்ன மைக்தான், ஸ்பீக்கரில் வரும் பாட்டைக் காற்று வழியாகப் பிடிக்கிறது. பதிவு ஓடும்போது திரை ஓரத்தை நகத்தால் தட்டிப் பாருங்கள். அலைவடிவம் எகிறினால் சந்தேகமே வேண்டாம்.

உங்கள் வயரின் பின்னைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பாருங்கள். கறுப்பு வளையம் இரண்டு இருக்கும். அப்படியென்றால் மூன்று தொடர்புகள்: இடது, வலது, தரை (கிரவுண்ட்). மடிக்கணினியின் துளை நான்கு தொடர்புகளுக்கானது, அதாவது இடது, வலது ஹெட்போன், தரை, மைக். மூன்று தொடர்பு உள்ள பின்னைச் செருகினால் மைக்குக்கான இடம் தரையோடு சேர்ந்துவிடும். கணினி "ஹெட்போன் மாட்டியிருக்கிறார்கள்" என்று நினைத்துக்கொண்டு உள்மைக்கையே வைத்துக்கொள்ளும். நான்கு தொடர்பு உள்ள பின் கிடைத்தாலும் பயனில்லை. அது ஒற்றைத் தடம், மைக் அளவுக்குத்தான் தாங்கும், போதாக்குறைக்கு மைக்குக்கென்று சின்ன மின்னழுத்தம் வேறு அதில் வெளியே வரும்.

இந்த "அளவு" என்பதை மனதில் பதித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட். காந்த ஊசி உள்ள ரெக்கார்ட் பிளேயரில் சுமார் 5 மில்லிவோல்ட். டேப் டெக்கின் லைன் அவுட்டில் சுமார் 0.3 வோல்ட். ஸ்பீக்கர் முனையில் வோல்ட் கணக்கில் வரும். ஒன்றுக்குரியதை இன்னொன்றின் துளையில் கொடுத்தால் ஒன்று கரகரவென்று உடையும், இல்லையென்றால் இரைச்சலுக்குள் முங்கிப்போகும். எந்த மென்பொருளாலும் பிறகு அதைச் சரிசெய்ய முடியாது. ஸ்பீக்கர் வயரை மட்டும் எந்தக் காலத்திலும் நேராகக் கணினிக்குக் கொடுக்காதீர்கள்.

மேசைக் கணினி யாரிடமாவது இருந்தால் அதன் பின்னால் பாருங்கள். பச்சை வெளியே போவது, இளஞ்சிவப்பு மைக், நீலம் லைன் இன். உங்கள் டெக்குக்கு அந்த நீலம்தான் வேண்டும். மடிக்கணினி மட்டும்தான் என்றால் லைன் இன் உள்ள யூஎஸ்பி ஆடியோ பெட்டி ஒன்று வாங்குங்கள். பெரிங்கர் யூசிஏ202 மாதிரி சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ துளைகள் உள்ளது போதும். பென் டிரைவ் அளவில் மிக மலிவாக விற்கும் சாதனங்களில் பெரும்பாலும் ஒற்றைத் தட மைக் துளைதான் இருக்கும், அது இந்த வேலைக்கு ஆகாது.

கட்டற்றவன் எழுதியது:

இணைய வானொலிக்கு ஸ்டீரியோ மிக்ஸைத் தேடி அலைய வேண்டாம். அது கணினியில் ஒலிப்பதையே பதிவு செய்ய ஒலி அட்டையின் இயக்கி மென்பொருள் கொடுக்கும் வசதி. சில கணினிகளில் மறைத்து வைத்திருப்பார்கள், பலவற்றில் இருக்கவே இருக்காது.

ஆடாசிட்டியின் ஒலி அமைப்பில் ஹோஸ்ட் என்ற இடத்தில் எம்எம்இ என்று இருக்கும். அதை விண்டோஸ் வாசாபி என்று மாற்றுங்கள். பதிவுச் சாதனங்களின் பட்டியலில் உங்கள் ஸ்பீக்கரின் பெயரே "லூப்பேக்" என்ற ஒட்டுடன் தெரியும். அதைத் தேர்ந்தெடுத்தால் கணினியில் ஒலிப்பது அப்படியே பதிவாகும். காற்று, மைக், வயர் எதுவும் நடுவில் இல்லை.

இரண்டு எச்சரிக்கை. கணினியில் எழும் எந்த ஒலியும் பதிவில் விழும், வாட்சப் "டிங்" உட்பட. அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள். அப்புறம், எதுவும் ஒலிக்காத நேரத்தில் லூப்பேக் பதிவு நின்று நின்று போகும். நிகழ்ச்சி தொடங்கும் முன்பே பதிவை ஓடவிட்டு, மெட்டர் அசைகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

லினக்ஸில் இது இன்னும் எளிது. பாவுகண்ட்ரோலைத் திறந்து பதிவுப் பகுதியில் "மானிட்டர்" என்று தொடங்கும் மூலத்தைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. மேக் வைத்திருப்பவர்கள் பிளாக்ஹோல் என்ற இலவச மென்பொருளை இடையில் வைக்கலாம்.

வாட்சப் குரல் பதிவுகளை மட்டும் இந்த முறையில் பிடிக்காதீர்கள். அவை ஏற்கெனவே கோப்புகள். கைப்பேசியிலிருந்து கோப்பையே நகலெடுங்கள். பெரும்பாலும் ஓபஸ் வடிவத்தில் இருக்கும், ஆடாசிட்டியில் எஃப்எஃப்எம்பெக் என்ற துணை மென்பொருளைச் சேர்த்துக்கொண்டால் திறக்கும். ஒலிக்கவிட்டு மறுபடி பதிவு செய்தால் தரம் ஒரு படி இறங்குவது மட்டும்தான் மிச்சம்.

பதிவறை எழுதியது:

நான் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்பவன். வால்வுரேடியோ ஐயா சொன்னதோடு பதிவு அளவு பற்றிக் கொஞ்சம்.

வில்லுப்பாட்டு அளவு வைக்கக் கடினமான கலை. காப்பும் விருத்தமும் நிதானமாகப் போகும். கதை ஏறி, குடமும் உடுக்கையும் ஜால்ராவும் ஒன்றாக விழும் இடத்தில் மெட்டர் சிவப்பைத் தொடும். கேசட்டின் முதல் ஐந்து நிமிடத்தைக் கேட்டு அளவு வைத்தால் கடைசிப் பத்து நிமிடம் வெட்டுப்படும். டிஜிட்டலில் பூஜ்யம் டெசிபலுக்கு மேலே எதுவும் கிடையாது. அலையின் தலை மட்டமாக நறுக்கப்படும், நறுக்கியது போனதுதான். ஆகவே முதலில் கேசட்டின் மிகச் சத்தமான இடத்தைத் தேடிப் பிடியுங்கள். அங்கே உச்சம் மைனஸ் 6 டெசிபல் சுற்றி நிற்கும்படி வைத்துவிட்டு, தொடக்கத்துக்கு வந்து, ஒரு பக்கம் முழுவதையும் கை வைக்காமல் ஓடவிடுங்கள். நடுவில் அளவைக் கூட்டிக் குறைக்காதீர்கள்.

விண்டோஸின் ஒலி அமைப்பில் அந்த யூஎஸ்பி சாதனத்தைத் திறந்து "ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்" எல்லாவற்றையும் அணையுங்கள். அவை பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. குடத்தின் அடியையும் ஜால்ராவின் நீண்ட ஒலியையும் இரைச்சல் என்று நினைத்து அமுக்கும். நிறையப் பேர் "கேசட் கெட்டுப்போய்விட்டது" என்று முடிவு கட்டுவது இதனால்தான்.

பதிவுத் தரத்துக்கு 44.1 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளப்பது), 16 பிட் (ஒவ்வொரு அளவின் நுணுக்கம்) போதும். 16 பிட் ஏறத்தாழ 96 டெசிபல் வீச்சைத் தாங்கும். வீட்டில் பதிவான சாதாரணக் கேசட்டில் பாட்டுக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி 50 டெசிபல் வந்தால் பெரிது.

செவிச்செல்வி எழுதியது:

நாட்டார் வழக்காற்றியல் ஆய்வில் இருப்பவள் என்ற முறையில் பதிவறை சொன்ன கடைசிப் பத்தியோடு எனக்கு உடன்பாடில்லை.

இது பாட்டுக் கேட்பதற்காகப் பிரதி எடுக்கும் வேலை இல்லை. அந்தக் கேசட் அடுத்த முறை ஓடுமா என்பதே நிச்சயமில்லாதபோது, நீங்கள் எடுக்கும் கோப்புதான் இனி மூலம். உலக ஒலி ஆவணக் காப்பகங்களின் சங்கமான ஐஏஎஸ்ஏ, பழைய நாடாக்களை மாற்றுவதற்குக் குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்றுதான் வழிகாட்டுகிறது. இடம் ஒரு பிரச்சினையே இல்லை. அந்தக் கணக்கில் இரு தடமாக ஒரு மணி நேரக் கேசட் சுமார் 1 ஜிகாபைட் வரும். ஃப்ளாக் வடிவில் சேமித்தால் எதையும் இழக்காமல் இன்னும் சுருங்கும்.

இன்னொரு வேண்டுகோள். பாட்டுக்கு நடுவில் வரும் எதையும் வெட்டாதீர்கள். "ஐயர்வாள், டீ சொல்லுங்க" என்று யாரோ சொல்வது, மைக் செட்காரர் "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்பது, வேட்டுச் சத்தம், ஊர்ப் பெரியவர் நன்கொடைப் பட்டியல் படிப்பது எல்லாமே இருக்கட்டும். எந்த ஊர்க் கொடை, எந்த வருடம், யார் யார் குழுவில் இருந்தார்கள் என்பது பெரும்பாலும் அந்த இடங்களில்தான் கிடைக்கும். கேசட் அட்டையில் எழுதியிருப்பதைவிட நம்பகமான தகவல் அது.

பதிவறை எழுதியது:

மேற்கோள்: "இனி மூலம் என்பது அந்தக் கோப்புதான்."

இதை முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். வெட்டக் கூடாது என்பதும் மிகச் சரி. ஆனால் கணக்கைப் பாருங்கள். மேலே சொன்ன யூஎஸ்பி பெட்டி 16 பிட்தான் கொடுக்கும். ஆடாசிட்டியில் 24 என்று தேர்ந்தெடுத்தால் கோப்பு பெரிதாகுமே தவிர, பெட்டியில் இல்லாத நுணுக்கம் வராது. 24 பிட் வேண்டுமென்றால் சாதனமே 24 பிட்டாக இருக்க வேண்டும். அதற்குக் காசு கூட. காசு சேரட்டும் என்று இரண்டு வருடம் கேசட்டைப் பெட்டியிலேயே வைத்திருப்பதைவிட, கையில் இருக்கும் 16 பிட்டில் இந்த மாதமே எடுத்துவிடுவது நல்லது என்பதுதான் என் கட்சி.

24 பிட்டால் உண்மையான ஒரு லாபம் உண்டு: அளவைத் தாராளமாகக் குறைத்து வைக்கலாம், திடீர்ச் சத்தத்தில் வெட்டுப்படும் பயம் இல்லை.

செவிச்செல்வி எழுதியது:

தள்ளிப்போடுவதைவிட இப்போதே எடுப்பது மேல் என்பதில் மறுபேச்சு இல்லை. ஆனால் அத்தையைப் பதிவு செய்ய எப்படியும் மைக் இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று வாங்கத்தான் போகிறார். இப்போது விற்கும் இரண்டு உள்ளீட்டு இன்டர்ஃபேஸ்களில் பெரும்பாலானவை 24 பிட். இரண்டு உள்ளீட்டையும் லைனுக்கு மாற்றும் வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் கேசட்டுக்கும் அதுவே ஆகும். இரண்டு சாதனம் எதற்கு?

வில்லிசைப்பேரன் எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. வால்வுரேடியோ ஐயா சொன்னபடி தட்டிப் பார்த்தேன், உள்மைக்தான். அக்கா சொன்னது பிடித்திருந்ததால் இரண்டு உள்ளீடு உள்ள 24 பிட் இன்டர்ஃபேஸாகவே வாங்கிவிட்டேன். முதல் கேசட் போட்டதும் சுடலைமாடன் கதை தெளிவாக வந்தது. வீட்டில் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

ஆனால் பாட்டுக்கு அடியில் "ம்ம்ம்" என்று ஒரே சீராக ஓர் உறுமல். கேசட்டை நிறுத்தினாலும் உறுமல் நிற்கவில்லை.

வால்வுரேடியோ எழுதியது:

கேசட்டை நிறுத்தியும் நிற்கவில்லை என்றால் அது நாடாவில் இல்லை, இணைப்பில் இருக்கிறது. நல்ல செய்திதான்.

மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். உறுமல் நின்றால் தரைச் சுற்று. கணினியும் டெக்கும் வெவ்வேறு வழியில் தரையைத் தொடுவதால் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ஆடியோ வயரில் ஏறுகிறது. பேட்டரியிலேயே பதிவு செய்யுங்கள், செலவில்லாத வைத்தியம். ஒரு பக்கம் முடிய 30 நிமிடமோ 45 நிமிடமோதானே. அது முடியாதென்றால் கார் ஆடியோ கடைகளில் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் என்று சின்னப் பெட்டி கிடைக்கும். உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும், அதை ஆடியோ வயருக்கு நடுவில் போடலாம். மூன்று பின் பிளக்கின் தரைப் பின்னை ஒடித்துவிட்டால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உறுமல் போகும், ஒருநாள் உயிரும் போகும்.

சார்ஜரைக் கழற்றியும் நிற்கவில்லை என்றால் ஆர்சிஏ வயரின் வெளிவலை விட்டிருக்கிறதா பாருங்கள். வயரை மாற்றினால் தெரிந்துவிடும்.

டெக்கைச் சுத்தம் செய்தீர்களா? கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஹெட், பக்கத்தில் ஊசி போன்ற கேப்ஸ்டன், அதை அழுத்தும் ரப்பர் உருளை. பழுப்பாகப் படிந்திருப்பது நாடாவின் துகள். மருந்துக்கடையில் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் வாங்கி, காது குடையும் பஞ்சுக் குச்சியில் தொட்டு ஹெட்டையும் கேப்ஸ்டனையும் துடையுங்கள், பஞ்சு வெள்ளையாக வரும்வரை. ரப்பருக்கு லேசாக நனைத்த துணி போதும். ஒவ்வொரு கேசட்டுக்கும் முன்னால் ஒருமுறை துடைத்தாலும் தப்பில்லை.

ஹெட்டுக்குப் பக்கத்தில் ஸ்பிரிங் போட்ட சின்ன ஸ்குரூ ஒன்று இருக்கும். அது ஹெட்டின் சாய்வை, அதாவது அசிமுத்தை மாற்றுவது. உங்கள் கேசட்டுகள் வெவ்வேறு டேப்ரெக்கார்டர்களில் பதிவானவை, ஒவ்வொன்றின் சாய்வும் வேறு. இரண்டு தடத்தையும் ஒன்றாகக் கலந்து கேட்டுக்கொண்டே அந்த ஸ்குரூவை மிக மெல்லத் திருப்புங்கள். ஜால்ராவின் "ஜிங்" எங்கே மிகக் கூர்மையாகக் கேட்கிறதோ அங்கே நிறுத்துங்கள். மங்கலாக இருந்த குரல் முகத்துக்கு நேரே வந்து நிற்கும். டால்பி என்ற இரைச்சல் குறைப்புப் பொத்தான் இருந்தால் அணைத்தே வையுங்கள். மைக் செட்டிலிருந்து சாதாரண டேப்ரெக்கார்டரில் பிடித்தவற்றில் டால்பி இருக்காது.

கொக்குவில் எழுதியது:

அண்ணா, கேசட்டைப் போடுவதற்கு முதல் அதன் கீழ்ப்பக்கத் திறப்பைப் பாருங்கோ. நடுவில் சின்னத் தகட்டில் ஒட்டின பஞ்சுத் துண்டு ஒன்று இருக்க வேணும். நாடாவை ஹெட்டோடு சேர்த்துப் பிடிப்பது அதுதான். பழசில் பசை விட்டு விழுந்திருக்கும். அது இல்லாமல் போட்டால் சத்தம் வந்து வந்து போகும். வேறு ஒரு ஸ்குரூ போட்ட கேசட் ஓட்டைத் திறந்து, நாடாவை அதற்குள் மாற்றிப் பூட்டலாம். ஒட்டின ஓடு என்றால் கத்தியால் மூட்டைப் பிளக்க வேண்டி வரும். அவசரப்படாமல், தட்டையான மேசையில், இரண்டு சுருளையும் அசையாமல் பிடித்துச் செய்யுங்கோ.

நாடாச் சுருளின் பக்கவாட்டில் வெள்ளைப் பொடி மாதிரித் தெரிந்தால் அது பூஞ்சணம். அதை அப்படியே டெக்கில் போடாதேங்கோ, மற்றக் கேசட்டுகளுக்கும் பரவும். எங்கட வீட்டில் வானொலியில் இருந்து பிடித்த கேசட்டுகள் ஈரத்தில் கிடந்து கனக்கப் பழுதாய்ப் போனது. மிச்சத்தைக் காப்பாற்றினது பூஞ்சணம் பிடித்ததைத் தனியாய் வைத்து, முகக்கவசம் போட்டு, வெளியில் வைத்து உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்த பிறகுதான்.

கனகாலம் சுற்றாமல் கிடந்த கேசட்டை ஒருக்கால் கடைசி வரைக்கும் வேகமாய்ச் சுற்றி, திருப்பியும் சுற்றின பிறகு பதிவு செய்தால் ஓட்டம் சீராய் இருக்கும்.

கட்டற்றவன் எழுதியது:

உறுமலும் இரைச்சலும் மிச்சம் இருந்தால் ஆடாசிட்டியில் நாய்ஸ் ரிடக்ஷன் இருக்கிறதே. பாட்டில்லாத இரண்டு நொடியைத் தேர்ந்தெடுத்து மாதிரி எடுத்து, முழுப் பதிவுக்கும் போட்டால் சுத்தமாகிவிடும். இந்தக் காலத்தில் யாரும் இரைச்சலோடு கேட்க மாட்டார்கள்.

செவிச்செல்வி எழுதியது:

மூலக்கோப்பில் மட்டும் அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

நாடாவின் "ஸ்ஸ்" ஒலியும் ஜால்ராவின் சிதறலும் ஒரே உயர் அலைவரிசையில்தான் இருக்கின்றன. மென்பொருளுக்கு எது வேண்டியது, எது வேண்டாதது என்று தெரியாது. அழுத்திப் போட்டால் ஜால்ரா கரைந்துபோகும். குரலுக்குப் பின்னால் தண்ணீருக்குள் கேட்பது போன்ற ஒரு நெளிவு வரும். பாடகர் மூச்சு வாங்கும் இடங்கள் வெற்றிடமாகிவிடும். வில்லுப்பாட்டில் அந்த மூச்சும் "ஆமா" போடும் பின்பாட்டுக்காரரின் குரலும் எவ்வளவு முக்கியம்! நாளைக்கு இதைவிட நல்ல மென்பொருள் வரும், அதற்கு வேலை செய்ய அந்த இரைச்சலோடு கூடிய கோப்பு வேண்டும்.

கட்டற்றவன் எழுதியது:

மூலக்கோப்பை அழிக்கச் சொல்லவில்லை. அதைத் தனியாக வைத்துவிட்டு நகலில் செய்யலாம். வெளிநாட்டில் இருக்கும் பேரப்பிள்ளைகளுக்கு அனுப்ப 128 கிலோபிட் எம்பி3 போதும். அதில் கொஞ்சம் இரைச்சல் குறைத்தால் காரில் போகும்போதும் கேட்பார்கள். கேட்கப்படாத ஆவணத்தால் என்ன பயன் என்பதையும் யோசிக்க வேண்டும் அல்லவா?

பதிவறை எழுதியது:

இருவரும் சொல்வதைச் சேர்த்தே செய்யலாம். மூலம் ஃப்ளாக், தொடாதது. நகலில் 6 டெசிபலுக்கு மேல் இரைச்சலைக் குறைக்காதீர்கள். 12, 20 என்று போகும்போதுதான் அந்த நெளிவு வருகிறது. மூலக்கோப்புகள் ஒரே வன்தட்டில் மட்டும் இருக்கக் கூடாது, இன்னொரு பிரதி வேறு வீட்டில் இருக்கட்டும்.

வில்லிசைப்பேரன் எழுதியது:

சார்ஜரைக் கழற்றியதும் உறுமல் நின்றுவிட்டது ஐயா. அசிமுத் திருப்பியதில் கிடைத்த வித்தியாசத்தை நம்பவே முடியவில்லை.

இப்போது வேறு சிக்கல். ஒரு கேசட்டில் தாத்தாவின் குரல் தொடக்கத்தில் சரியாக இருக்கிறது. போகப் போகச் சுருதி ஏறிக்கொண்டே போய், கடைசியில் சின்னப் பையன் பாடுவது போல ஆகிவிடுகிறது. மற்ற கேசட்டுகளில் இது இல்லை.

பதிவறை எழுதியது:

மற்றவை சரியாக ஓடுகின்றன என்பதால் டெக்கில் குறையில்லை. பதிவு செய்த அன்று டேப்ரெக்கார்டர் பேட்டரியில் ஓடியிருக்கும். நேரம் ஆக ஆக பேட்டரி இறங்கி, மோட்டார் மெதுவாகியிருக்கும். மெதுவாகப் பதிவானதை இப்போது சரியான வேகத்தில், அதாவது நொடிக்கு 4.76 சென்டிமீட்டரில் ஓட்டும்போது வேகமாகவும் சுருதி ஏறியும் கேட்கிறது.

இதைச் சரிசெய்ய ஓர் அளவுகோல் வேண்டும். தாத்தா எத்தனை கட்டையில் பாடுவார்? குழுவில் ஆர்மோனியம் உண்டா?

வில்லிசைப்பேரன் எழுதியது:

நாலரைக் கட்டை. ஆர்மோனியம் உண்டு, அதே பெட்டி இன்றும் அத்தை வீட்டில் இருக்கிறது!

பதிவறை எழுதியது:

அப்படியென்றால் கவலையே இல்லை. அந்தப் பெட்டியில் நாலரைக் கட்டைச் சட்ஜத்தைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்துப் பதிவு செய்யுங்கள். அதுதான் உங்கள் அளவுகோல். கேசட் பதிவில் ஆர்மோனியம் தனியாகக் கேட்கும் இடங்களைத் தேடி, அந்த ஒலியோடு ஒப்பிடுங்கள். அரைக் கட்டை, அதாவது நாலரையிலிருந்து ஐந்துக்கு ஏறியிருந்தால் ஓட்டம் சுமார் 6 சதவீதம் வேகம். முழுக் கட்டை ஏறி ஐந்தரைக்குப் போயிருந்தால் சுமார் 12 சதவீதம்.

பிறகு நகல் கோப்பில், மூலத்தில் அல்ல, ஆடாசிட்டியின் டைம் ட்ராக்கைச் சேருங்கள். அது வேகத்தையும் சுருதியையும் ஒன்றாக இழுக்கும், மோட்டார் செய்ததைத் தலைகீழாகச் செய்வது போல. தொடக்கத்தில் 100 சதவீதத்தில் ஒரு புள்ளி. ஒப்பிட்ட ஒவ்வொரு இடத்திலும் ஒரு புள்ளி, 6 சதவீதம் வேகமான இடத்தில் சுமார் 94. புள்ளிகளுக்கு நடுவே அதுவே சரிவாகக் கொண்டுபோகும். சுருதியை மட்டும் மாற்றும் விளைவுகளைப் பயன்படுத்தாதீர்கள், தாளம் பழைய வேகத்திலேயே நின்றுவிடும்.

வால்வுரேடியோ எழுதியது:

ஆர்மோனியம் இல்லாத வீட்டுக்காரர்களுக்கு ஒரு வழி: மைக் செட்டின் உறுமல் நாடாவிலேயே பதிவாகியிருந்தால் அதுவும் அளவுகோல்தான். அனலைஸ் பகுதியில் பிளாட் ஸ்பெக்ட்ரம் போட்டால் 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு கூர்முனை தெரியும். அது 106-ல் நின்றால் 6 சதவீதம் வேகம் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் தோராயம்தான். அந்தக் காலத்தில் லைன் மின்சாரமே சரியாக 50-ல் நிற்காது, கொடையில் ஜெனரேட்டர் ஓடியிருந்தால் கேட்கவே வேண்டாம். ஆர்மோனியம் கிடைத்தது உங்கள் பாக்கியம்.

இசைத்தட்டு பற்றிக் கேட்டிருந்தீர்கள். பிளேயரில் காந்த ஊசியா, செராமிக் ஊசியா என்று முதலில் பாருங்கள். காந்த ஊசி என்றால் போனோ ப்ரீஆம்ப் கட்டாயம் வேண்டும். சத்தத்தைக் கூட்டுவதற்கு மட்டும் இல்லை. தட்டில் வெட்டும்போது கீழ்சுருதியைக் குறைத்தும் மேல்சுருதியைக் கூட்டியும் வெட்டுவார்கள், அதை ஆர்ஐஏஏ வளைவின்படி திருப்பி நேர்செய்வது அந்த ப்ரீஆம்ப்தான். நேராக லைனில் கொடுத்தால் தகரத் தட்டுச் சத்தம் வரும். பழைய பெட்டி பிளேயர்களில் பெரும்பாலும் செராமிக். அது வலுவாகவே கொடுக்கும், போனோ ப்ரீஆம்ப் வேண்டாம். ஆனால் சாதாரண லைன் இன்னில் மாட்டினால் கீழ்சுருதி மெலியும். அதற்கு ஒரு மெகாஓம் பக்கம் மின்தடை உள்ள உள்ளீடு வேண்டும். உங்கள் இன்டர்ஃபேஸில் கிடார் மாட்டும் உள்ளீடு இருந்தால் அதில் பொருத்திப் பாருங்கள்.

கனமான, விழுந்தால் உடையும் 78 வேகத் தட்டுகள் இருந்தால் எல்பி ஊசியை அதில் வைக்காதீர்கள். அந்தப் பள்ளம் மூன்று மடங்கு அகலம், ஊசி அடியில் போய் அழுக்கைத்தான் கீறும். 78-க்கென்று தனி ஊசி விற்கிறார்கள்.

செவிச்செல்வி எழுதியது:

அத்தையின் பதிவு பற்றி யாரும் சொல்லவில்லையே. என் பார்வையில் அதுதான் முதலில் செய்ய வேண்டியது. கேசட் இன்னும் ஆறு மாதம் காத்திருக்கும்.

விடிகாலையில் வையுங்கள், மின்விசிறியை நிறுத்தினாலும் தாங்கும், தெருவும் அடங்கியிருக்கும். குளிர்பெட்டியின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். சுவரெல்லாம் வெறுமையாக இருக்கும் கூடத்தைவிட, மெத்தையும் துணி அலமாரியும் உள்ள படுக்கையறை நல்லது, எதிரொலி குறையும். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேர் எதிரே இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில் இருக்கட்டும். நேரே வைத்தால் "ப" வரும் இடமெல்லாம் காற்று அடிக்கும். கண்டென்சர் மைக் என்றால் இன்டர்ஃபேஸில் 48 வோல்ட் பொத்தானைப் போட வேண்டும். ப்ளூடூத் ஹெட்செட்டின் மைக் மட்டும் வேண்டவே வேண்டாம், அது தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடும்.

உடன் யாராவது குடம் அடித்தால் அதற்கு இரண்டாவது மைக்கை அதே இன்டர்ஃபேஸில் மாட்டுங்கள். தனித்தனி யூஎஸ்பி மைக் இரண்டை வைத்தால், ஒவ்வொன்றின் உள்கடிகாரமும் துளி துளியாக விலகி, அரை மணி நேரத்தில் தாளமும் பாட்டும் பிசகி நிற்கும்.

பதிவு தொடங்கியதும் நாள், ஊர், அத்தையின் பெயர், பாடப்போகும் கதை ஆகியவற்றை நீங்களே வாயால் சொல்லிவிடுங்கள். கோப்பின் பெயர் மாறினாலும் குரல் மாறாது. தாத்தாவின் கேசட்டை அவருக்குப் போட்டுக் காட்டி, "இந்த இடத்தில் யார் பாடுவது?" என்று கேட்டு, அந்தப் பேச்சையும் பதிவு செய்யுங்கள். அவர் நினைவில் இருக்கும் பெயர்கள் வேறு எங்கேயும் எழுதப்பட்டிருக்காது. இணையத்தில் போடுவதாக இருந்தால் அவரிடம் தெளிவாகச் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். குழுவில் பாடிய மற்றவர்களின் குடும்பத்தாரிடமும்தான்.

வில்லிசைப்பேரன் எழுதியது:

வரும் ஞாயிறு அத்தை வீட்டுக்குப் போகிறேன், ஆர்மோனியச் சட்ஜமும் அன்றே எடுத்துவிடுகிறேன். பெட்டியின் அடியில் பெரிய ஸ்பூல் நாடா ஒன்றும் இருந்தது. அட்டையில் ஏதும் எழுதவில்லை. ஓட்டுவதற்கு மெஷின் இல்லை. இதை என்ன செய்வது?

வால்வுரேடியோ எழுதியது:

சுருளின் விட்டம் எவ்வளவு, நாடாவின் அகலம் கால் அங்குலம்தானா என்று அளந்து, பக்கவாட்டில் ஒரு படம் எடுத்துப் போடுங்கள் தம்பி. ஸ்பூலில் நொடிக்கு 9.5, 19 சென்டிமீட்டர் என்று வேகங்கள் பல, தடங்களும் அரைத் தடம், கால் தடம் என்று மாறும். அது தெரியாமல் மெஷின் தேடுவதில் பயனில்லை. கோவையில் எனக்குத் தெரிந்த ஒருவரிடம் ஓடும் நிலையில் ஒரு மெஷின் இருக்கிறது, கேட்டுப் பார்க்கிறேன். அதுவரை நாடாவைப் பிரிக்காமல், நிமிர்த்தி வைத்து, ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரின் காந்தம் அதற்கு ஆகாது.